எழுதியும் திருத்தியும் பிழைப்பது எப்படி? தமிழில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

தமிழில் எழுதி மட்டுமே குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டால், சினிமாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் முடியாது. கணக்கு எளிது. 200 ரூபாய் விலையுள்ள புத்தகத்துக்குப் பத்து சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய், அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய நாவலுக்கு இதுதான் கூலி. ஆனால் எழுதவும் தெரிந்து, அடுத்தவர் எழுதியதைச் சரிசெய்யவும் தெரிந்தவருக்கு முப்பது வருடத்துக்கு வேலை இருக்கிறது. அப்படி வாழ்ந்தவர்களை, வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும், என் வண்டியும் அந்த எண்ணெயில்தான் ஓடுகிறது. அதனால் நான் சொல்லப்போவது எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: எடிட்டிங்கை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அந்த வருமானத்தில் உங்கள் எழுத்தைக் காப்பாற்றுங்கள். இலக்கியவாதி ஆவது எப்படி என்று தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், வேலை என்னென்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பதிப்பகங்களில் "ப்ரூஃப் பார்த்துக் கொடுங்க" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி வேலைகளை அடைத்துவிடுவார்கள். ஒன்று மெய்ப்பு பார்ப்பது: பக்கம் கட்டி முடித்த பிறகு எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, விட்டுப்போன வரி, பக்க எண் ஆகியவற்றைப் பிடிப்பது. இரண்டாவது, பிரதியைச் செம்மைப்படுத்துவது: வாக்கியத்தை நேராக்குவது, ஒரே பெயரை ஒரே மாதிரி எழுதவைப்பது, தகவல் சரியா என்று பார்ப்பது. மூன்றாவதுதான் பெரியது: நான்காவது அத்தியாயம் முதலில் வர வேண்டும், இந்தப் பாத்திரம் தேவையே இல்லை, முன்னுரையில் பாதியை வெட்டலாம் என்று ஆசிரியருடன் உட்கார்ந்து பேசுவது. கேட்பது முதலாவது, எதிர்பார்ப்பது இரண்டாவது, பணம் கொடுப்பது முதலாவதுக்கு. வேலையை வாங்கும்போதே இதில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

புத்தகத்துக்கு வெளியே இருக்கும் வேலை இதைவிடப் பெரிது, அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. இந்தியில் எடுத்த விளம்பரத்துக்குத் தமிழ் வசனம், வங்கிப் படிவங்கள், ஆப்களின் பொத்தான்களில் வரும் சொற்கள், ஓடிடி தொடர்களுக்கு சப்டைட்டில், தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கை, பள்ளிப் பாடப் பயிற்சி ஏடுகள், ஆய்வேடு திருத்தம், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் தன்வரலாற்றைப் பெயர் போடாமல் எழுதிக்கொடுப்பது என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் சொன்னதில் நல்ல பணம். பொறுமை நிறைய வேண்டும், ஐயா எந்த வருடம் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இது புதிய தொழில் ஒன்றும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்தது, ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு எந்தப் பாடம் சரி என்று முடிவெடுக்கும் எடிட்டர் வேலைதான். அவருடைய பெயர் அந்த நூலோடு சேர்ந்தே நிற்கிறது. இன்றைக்கோ 400 பக்க நாவலைத் தூக்கி நிறுத்திய எடிட்டரின் பெயர் உரிமைப் பக்கத்தில்கூட வருவதில்லை. நீங்கள் கேளுங்கள். செம்மையாக்கம் இன்னார் என்று ஒரு வரி போட பதிப்பகத்துக்குக் காசு ஒன்றும் ஆகாது, உங்களுக்கோ அடுத்த வேலையைக் கொண்டுவருவது அந்த வரிதான்.

முதல் இரண்டு வருடம்

முடிந்தால் எங்காவது ஒரு டெஸ்கில், அதாவது வரும் பிரதிகளைத் திருத்தும் மேசையில், போய் உட்காருங்கள். நாளிதழோ வார இதழோ சின்னப் பதிப்பகமோ, சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஐந்து வருடத்தில் கற்பதை அங்கே ஒரு வருடத்தில் கற்கலாம், ஏனென்றால் உங்களுக்கு மேலே இருப்பவர் நீங்கள் திருத்தியதைத் திரும்பத் திருத்துவார், அதைப் பார்க்கலாம். நாளிதழ் டெஸ்க் கற்றுத்தருவது வேகமும் தலைப்பும். பதிப்பகம் கற்றுத்தருவது பொறுமை, அப்புறம் காகிதக் கணக்கு. ஒரு பாரம் என்றால் 16 பக்கம் என்பதும், புத்தகம் 163 பக்கத்தில் முடிந்தால் மூன்று பக்கத்தை எப்படிக் குறைத்துப் பத்துப் பாரத்துக்குள் கொண்டுவருவது என்பதும் பதிப்பாளருக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயங்கள். அதைப் புரிந்துகொண்டு பேசும் எடிட்டரை அவர் விடமாட்டார்.

இலக்கணத்துக்கு நன்னூலை முதல் சூத்திரத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செய்தால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். வேலைக்கு உடனே வேண்டியது வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும். "வந்த பையன்" என்பதில் ஏன் ஒற்று வராது, "அந்தப் பையன்" என்பதில் ஏன் வரும் என்று யோசிக்காமலே கை போட வேண்டும். அதற்கு ஒரே வழி தினமும் அச்சான ஒரு பக்கத்தைப் பேனாவோடு படிப்பது. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறப்பது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992, அதன் பிறகு 2008, 2020) மேசையில் இருக்கட்டும். அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள், ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது அங்கேதான் தெரியும். பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன். அது இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. மறுபதிப்புக்காகத் தட்டச்சு செய்த பழைய நூல்களைத் திருத்துபவர்களுக்கு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இருந்த லை, ணை, றா, னா வடிவங்கள் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டச்சு செய்தவர் எதை எதுவாகப் படித்தார் என்று உங்களால் ஊகிக்கவே முடியாது.

இலக்கணம் சரியாக இருக்கும் கெட்ட வாக்கியம்தான் அதிகம் வரும். இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்: "இந்தத் திட்டமானது பயனாளிகளுக்குப் பல்வேறு விதமான நன்மைகளை வழங்கக்கூடியதாக அமைந்திருக்கிறது." ஒரு பிழையும் இல்லை. ஆனால் "திட்டமானது" என்பதில் "ஆனது" எதற்கு, "பல்வேறு" சொன்ன பிறகு "விதமான" எதற்கு, "வழங்கக்கூடியதாக அமைந்திருக்கிறது" என்று மூன்று வினையைக் கோத்தது எதற்கு? "இந்தத் திட்டத்தால் பயனாளிகளுக்குப் பல நன்மைகள் கிடைக்கும்." போதும். அடுத்த கேள்வி, அந்தப் பல நன்மைகள் என்ன? அதை எழுதியவரிடம் கேட்பதுதான் எடிட்டிங், சுருக்கியது வெறும் ஆரம்பம்.

கருவிகள்: எழுத்துரு என்ற தலைவலி

தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பழகியவர்கள் மாறத் தயங்குவார்கள், ஒரு மாதம் கை திணறும், அதன் பிறகு விசைகள் குறைவதால் மணிக்கட்டு உங்களுக்கு நன்றி சொல்லும். இருபது வருடம் தட்டச்சு செய்யப்போகிறீர்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

யூனிகோட் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் உங்களுக்கு வரும் கோப்புகளில் ஒரு பங்கு, யூனிகோடுக்கு முந்தைய பாமினியிலோ வானவில்லிலோ டாப், டாம் குறியாக்கத்திலோ இருக்கும். மாற்றித் தருவதற்குக் கருவிகள் உண்டு, என்எச்எம் கன்வர்ட்டர் போல. மாற்றிய பிறகுதான் வேடிக்கை. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர உட்கார்ந்திருக்கும், திரையில் பார்க்க இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், "பாடம்" என்று தேடினால் அந்த இடம் மட்டும் சிக்காது. "கௌரவம்" என்பதை க, ஒற்றைக்கொம்பு, ள என்று அடித்திருப்பார்கள், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பார்த்ததும் புதியவர்கள் செய்வது என்ன என்றால், கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் எல்லா இடத்தையும் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரே கட்டளை. "வெள்ளம்", "தெளிவு", "வெளியே", "கெளுத்தி மீன்" எல்லாம் ஒரே நொடியில் சின்னாபின்னம் ஆகும். இப்படிப்பட்ட மாற்றங்களைச் சொல் சொல்லாகத்தான் செய்ய வேண்டும்: "கெளர", "மெளன", "பெளர்ணமி", "செளகரிய" என்று முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். உங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கால் மணி நேரத்தில் முடியும்.

வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் (செய்த திருத்தங்களையெல்லாம் தனியாகக் காட்டும் வசதி) போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், விதிவிலக்கே கிடையாது. வாணி, நாவி போன்ற இலவசப் பிழைதிருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. முதல் சுற்றுக்கு உதவும், ஆனால் அவை சொல்லும் சந்தியை அப்படியே ஏற்காதீர்கள். பக்கம் கட்டுபவரிடம் ஒரு வார்த்தை: பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் தமிழைப் போடும்போது வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், அதை நீங்கள் பிழை என்று 300 இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கடைசி மெய்ப்பில் எல்லாரும் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அட்டை, முதுகு, பொருளடக்கத்தின் பக்க எண்கள், அத்தியாயத் தலைப்புகள், ஐஎஸ்பிஎன் ஆகியவற்றைத் தனியாக ஒரு முறை பாருங்கள். பிழை எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தப்பும்.

நடைத்தாள்

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கத் தாள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா, "செய்துகொண்டிருந்தான்" சேர்த்தா பிரித்தா, கிரந்த எழுத்து எங்கே, எண்களை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா, ஒற்றை மேற்கோளா இரட்டையா, ஊர் பெயர்கள் எப்படி. எது சரி என்று சண்டை போட இந்தத் தாள் இல்லை (அந்தச் சண்டைக்கு ஆயுள் போதாது), எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதையே வைத்துக்கொள்ளத்தான். வேலையை ஒப்படைக்கும்போது இந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த புத்தகத்துக்கு அந்தப் பதிப்பகம் உங்களைத்தான் கூப்பிடும், ஏனென்றால் அவர்களிடம் அப்படி ஒன்று இருந்திருக்காது.

முதல் வேலையைப் பிடிப்பது

"ஐயா வணக்கம், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று அனுப்பும் செய்திக்குப் பதில் வராது. அவர்கள் சமீபத்தில் போட்ட ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கத்தை எடுத்து, நீங்கள் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பீர்கள் என்று குறித்து, மரியாதையாக, பிழை கண்டுபிடித்துவிட்டேன் என்ற தொனி இல்லாமல் அனுப்புங்கள். அந்தத் தொனி ஒரு சொல்லில் எட்டிப்பார்த்தாலும் கதவு சாத்திக்கொள்ளும், பதிப்பாளர்களும் மனிதர்கள்தானே.

எப்போது அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது, வழக்கமாகப் பொங்கலையொட்டி ஜனவரியில். தமிழ்ப் பதிப்புலகின் நாட்காட்டியே அதைச் சுற்றித்தான். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசி வரை எல்லாரும் எல்லாப் பிரதிகளையும் ஒரே நேரத்தில் தள்ளுவார்கள், அப்போது புது ஆளைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் போய்ப் பேசுங்கள். ஒரு சின்னப் புத்தகம் கிடைக்கும், அதை நன்றாகச் செய்தால் நவம்பரில் தொலைபேசி ஓயாது. பாக்கியைக் கேட்கச் சரியான மாதம் பிப்ரவரி, காட்சியில் வசூலான பணம் அப்போதுதான் கையில் இருக்கும். "நூலக ஆணை வந்ததும் தர்றேன்" என்று ஒரு பதில் வரும், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவைத்தான் சொல்கிறார். அது எந்த வருடம் வரும் என்று அவருக்கே தெரியாது. உங்கள் கூலியை நூலக ஆணையோடு முடிச்சுப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதி முன்பணம், மீதி கோப்பை ஒப்படைக்கும் அன்று. புதியவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு கேட்பது

அடுத்தவர் எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரித்து அதில் பத்து ரூபாய் குறைத்துச் சொல்வதுதான் வழக்கம். அப்படிச் செய்யாமல் கீழிருந்து கணக்குப் போடுங்கள். மாதம் 45,000 வேண்டும் என்று வையுங்கள். 22 நாள், நாளைக்கு உருப்படியாக ஐந்து மணி நேரம் (அதற்கு மேல் கண் பிழையைப் பார்க்காது), ஆக 110 மணி. அதில் மின்னஞ்சல், பேச்சுவார்த்தை, பாக்கி வசூல் என்று 30 மணி போய்விடும். மிச்சம் 80 மணி. மணிக்கு 560 சொச்சம், வரி, காப்பீடு, கணினிக்கு இருபது சதவீதம் சேர்த்தால் 675, முழுசாக 700. நடுத்தரமான பிரதி ஒன்றை மணிக்கு 1,000 சொல் என்ற வேகத்தில் செம்மைப்படுத்த முடியும் என்றால் சொல்லுக்கு 70 பைசா, 60,000 சொல் நாவலுக்கு 42,000 ரூபாய்.

பல தமிழ்ப் பதிப்பகங்களில் இந்தத் தொகையைச் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தெரிந்தே சொல்கிறேன். அங்கேதான் முன்னால் சொன்ன மற்ற வேலைகள் வருகின்றன. நிறுவனங்களின் மொழிபெயர்ப்பும் விளம்பரமும் இந்தக் கூலிக்கு மேலேயே கொடுக்கும், அதில் வருவதை வைத்துக்கொண்டு பிடித்த புத்தகத்தைக் குறைந்த கூலிக்குச் செய்யலாம். எந்த வேலை சோற்றுக்கு, எந்த வேலை ஆசைக்கு என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஒரே ஆளிடமிருந்து வருமானத்தில் பாதிக்கு மேல் வரும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தும்மல் வந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வரும்.

ஒப்பந்தம், உரிமை

எழுதியதற்கு வாய்ச்சொல்லில் உரிமை கொடுப்பது நம் ஊர் வழக்கம். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பிவிடும். இந்த நாலு வரி தெரிந்திருந்தால் ஒப்பந்தத்தை வேறு கண்ணோடு படிப்பீர்கள். "எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், என்றென்றைக்கும்" என்று இருந்தால் நிறுத்தி, அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். ஒலிநூலும் திரை உரிமையும் உங்களிடமே இருக்கட்டும்.

பத்திரிகையில் மாதச் சம்பளத்தில் இருந்து எழுதுபவர்களுக்கு: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பத்திரிகையில் வெளியிடும் அளவுக்குத்தான் உரிமை முதலாளிக்கு, மற்றபடி எழுதியவருக்கே. ஆனால் வேலைக்குச் சேரும்போது நீட்டும் தாளில் பெரும்பாலும் அந்த "வேறு ஒப்பந்தம்" இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள், பின்னால் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க நினைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். வேறு நிறுவனங்களில் சம்பளத்துக்கு எழுதியது பொதுவாக நிறுவனத்துக்குத்தான் போகும்.

வரி விஷயம் சுருக்கமாக. பான் எண் இல்லாமல் வேலை தொடங்காதீர்கள். நிறுவனங்கள் உங்கள் கூலியில் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கும், தொழில்முறைக் கட்டணம் என்றால் பத்து சதவீதம். பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் பில் போட்டால்தான் ஜிஎஸ்டி. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இலவசம், இணையத்திலேயே செய்யலாம். சிறுதொழில் என்று பதிவு செய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பெரிய நிறுவனத்துக்கு அனுப்பும் பில்லில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டாலே கணக்குப் பிரிவில் காகிதம் கொஞ்சம் வேகமாக நகர்கிறது.

ஆசிரியரோடு பழகுவது

திறமை இருந்தும் இந்தத் தொழிலில் நிற்காமல் போனவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கினார்கள். பிரதியை வாங்கியதும் திருத்தத் தொடங்காதீர்கள். ஒரு முறை முழுக்க, பேனா இல்லாமல் படியுங்கள். இது யாருடைய குரல் என்று காதில் ஏற வேண்டும். கோவில்பட்டிக்காரர் எழுதிய உரையாடலை நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சாக மாற்றிவிடக் கூடாது, பொதுத்தமிழாகவும் ஆக்கிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்வி. மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும்பாவம்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. "பக்கம் 12இல் சேகர் மீனாட்சியின் அக்கா மகன், பக்கம் 87இல் தங்கை மகன். அக்கா மகன் என்று வைத்தால் பக்கம் 140இல் அவன் வயது சரியாக வருகிறது. அப்படியே வைக்கலாமா?" பிழையைக் காட்டுகிறது, வழியைச் சொல்கிறது, முடிவை அவரிடம் விடுகிறது. "குழப்பமாக இருக்கிறது, சரிபார்க்கவும்" என்று எழுதினால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

நாவலில் காலத்தைத் துருவிப் பாருங்கள், ஆசிரியர்கள் அதிகம் சறுக்குவது அதில்தான். எமர்ஜென்சி அறிவித்தது 1975 ஜூன் 25 இரவு, பாத்திரங்கள் அந்த வருடச் சித்திரைத் திருவிழாவிலேயே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் கேள்வி போடுங்கள். 1970இல் நடக்கும் கதையில் "திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர்" வந்தால், அந்த மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்ததே 1985இல்தான். ஆசிரியர்கள் ஒற்றுப்பிழையைத் திருத்தியதற்கு நன்றி சொல்ல மாட்டார்கள், இந்த மாதிரி ஒன்றைப் பிடித்தால் அடுத்த புத்தகத்துக்கும் உங்களைத்தான் தேடுவார்கள்.

ஐந்தாவது வருடத்துக்கு மேல்

இலக்கியத்துக்கு வெளியே ஒரு துறையைப் பிடியுங்கள். மருத்துவம், சட்டம், வேளாண்மை, முதலீடு, எதுவானாலும். அந்தத் துறையின் சொற்களைத் தமிழில் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் பேரம் பேச மாட்டார்கள். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், மலையாளமோ கன்னடமோ இந்தியோ படிக்கத் தெரிந்தால் உங்கள் மதிப்பு வேறு.

உங்கள் சொந்த எழுத்துக்கு நாளின் முதல் நேரத்தைக் கொடுங்கள், அடுத்தவர் பிரதியைத் திறப்பதற்கு முன்னால். மாலையில் எழுதலாம் என்று வைத்தால் நடக்காது. நாள் முழுக்க ஒருவருடைய நடையில் ஊறிவிட்டு ராத்திரி உட்கார்ந்தால் அவர் குரலில்தான் எழுத வரும். புத்தகக் காட்சி மாதங்களில் எழுத்து நிற்கும், நிற்கட்டும், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இப்போது வரும் வேலைகளில் ஒரு பகுதி, சாட்ஜிபிடியோ வேறு எந்திரமோ மொழிபெயர்த்ததை "லேசா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க" என்பது. லேசாக எதுவும் இருக்காது. வாக்கியம் வழுவழுவென்று இருக்கும், பொருள் எங்கோ நழுவியிருக்கும், மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்தால்தான் பிடிபடும். அதனால் சொல் கணக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள், மணிக் கணக்கு சொல்லுங்கள், ஐந்து பக்கம் மாதிரி பார்த்த பிறகு சொல்லுங்கள். அதில் மேற்கோள், ஆண்டு, ஆள் பெயர் எது வந்தாலும் வேறு இடத்தில் சரிபார்க்காமல் விடக் கூடாது. எந்திரம் இந்தத் தொழிலை முழுங்கிவிடுமா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: பத்து ரூபாய்க்குப் பத்துப் பக்கம் என்று செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஏற்கெனவே அடி விழுந்துவிட்டது, ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசிப் பக்கம் 87ஐச் சரிசெய்பவருக்கு இன்னும் இல்லை.

உடம்பு. இந்த வேலையில் போவது கண்ணும் கழுத்தும். நீண்ட பிரதியில் ஒரு சுற்றையாவது தாளில் அச்செடுத்துப் பாருங்கள், திரையில் தப்பியது தாளில் சிக்கும், கண்ணுக்கும் ஓய்வு. பிஎஃப், கிராஜுவிட்டி எதுவும் தனியாக வேலை செய்பவர்களுக்குக் கிடையாது என்பதை முப்பது வயதிலேயே உணர்ந்தால் நல்லது. மருத்துவக் காப்பீடு முதலில், ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு இரண்டாவது, பிபிஎஃப் மாதிரி ஒன்று மூன்றாவது. அதன் பிறகு புத்தகம் வாங்குங்கள்.

கடைசியாக, நண்பர்கள். வேலை தெரியும் என்று ஊருக்குத் தெரிந்ததும் கல்யாணப் பத்திரிகையிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு வரை வந்து சேரும், "உனக்கென்னப்பா, அரை மணி நேர வேலை" என்ற முன்னுரையோடு. கல்யாணப் பத்திரிகையை இலவசமாகப் பார்த்துக் கொடுங்கள், பெரியவர்கள் பெயரில் பிழை வந்தால் நமக்கும்தான் சங்கடம். ஆய்வேட்டுக்குக் கட்டணத்தை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கவிதைத் தொகுப்பு என்றால் பக்கக் கணக்கு ஆகாது, பக்கத்துக்கு எட்டு வரிதானே இருக்கிறது என்று பேரத்தை அங்கிருந்து தொடங்குவார்கள். மணிக் கணக்குத்தான்.